அப்பாவின் எஃப்எம்2உம் மூன்று லென்ஸ்களும்: விற்பதா, வைத்திருப்பதா?

அலஸ்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை, அலஸ்தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை, படம் எடுப்பது பொழுதுபோக்கு. என்னிடம் ஒரு நிக்கோன் டி5600 டிஜிட்டல் கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 70-300 ஆகியவை இருக்கின்றன.

அப்பாவும் ஒரு காலத்தில் நிறையப் படம் எடுத்தவர். அவர் காலமான பிறகு அம்மா அந்த அலுமாரியைத் திறக்கவே இல்லை. போன கிழமைதான் திறந்தோம். நிக்கோன் எஃப்எம்2 என்ற பிலிம் கமரா ஒன்று, 50 மிமீ எஃப்/1.8, 105 மிமீ எஃப்/2.5, 200 மிமீ எஃப்/4 என்று மூன்று லென்ஸ்கள். எல்லாம் தோல் உறைக்குள், உறை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். 105ஐ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஓரத்தில் மெல்லிய நூல்கள் கிளைவிட்டிருக்கின்றன.

கொழும்பில் பழைய கமரா வாங்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலை சொன்னார். அதோடு என் டி5600ஐயும் விற்று, மேலே கொஞ்சம் காசு போட்டால் ஒரு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை டிஜிட்டல் கமரா) வாங்கலாம். ஆனால் அப்பாவின் சாமான் என்பதால் மனம் ஒருநிலையில் இல்லை. எனக்கு எடுக்க ஆசை கோணேசர் கோவில் தேர், நிலாவெளிப் பக்கம் கரைவலை, அப்புறம் சீசனில் திமிங்கிலம். இந்தப் பழைய லென்ஸ்களால் எனக்கு ஏதும் பயன் உண்டா? இல்லை, அலுமாரியில் இன்னும் கெட்டுப்போக விடுவதைவிட இப்போதே விற்பது நல்லதா?

புறாத்தீவு எழுதியது:

மச்சான், நான் நேரே சொல்கிறேன். வித்துப்போடு. திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் நான் வேலை செய்கிறேன், கையில் போனோடும் கமராவோடும் வருகிற ஆட்களை ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன். படகு ஆடும், தண்ணீர் தெறிக்கும், மீன் மேலே வந்து நிற்கும் நேரம் கொஞ்சம். அதற்குள் கையால் வளையத்தைத் திருப்பிப் போக்கஸ் செய்கிறவன் வெறும் கடலைத்தான் எடுத்துக்கொண்டு போவான். புது மிரர்லெஸ் ஆளின் கண்ணையும் பறவையின் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கிறது. பூஞ்சணம் பிடித்த லென்ஸ் பக்கத்தில் இருக்கிற நல்ல லென்ஸுக்கும் தொற்றும் என்பார்கள். காசு வருகிற நேரத்தில் எடு.

டச்சுக்குடா ரீச்சர் எழுதியது:

தம்பி, விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். டச்சுக்குடாவுக்குப் பக்கத்தில் வீடு. வாடைக்காற்று மாதங்களில் யன்னல் கம்பியை விரலால் தடவினால் உப்பு வரும். அந்தக் காற்றில்தான் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கமரா வைத்திருக்கிறேன். நம்முடைய ஊரில் கமராவைப் பற்றி யோசிக்கிறவர்கள் புது மொடலுக்கு முன்னால் இந்தக் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என் முதல் கமரா யாசிக்கா இலெக்ட்ரோ 35. எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் சவூதியில் இருந்து முதல் தடவை லீவில் வந்தபோது அம்மாவுக்கு ரேடியோவும் எனக்கு இந்தக் கமராவும் கொண்டுவந்தார். 45 மிமீ எஃப்/1.7 லென்ஸ், கழற்ற முடியாதது. அப்பேச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் எண் குறைந்தால் அது பெரிது) நாம் வைக்க வேண்டும், ஷட்டர் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே சின்னதாக இரண்டு விளக்குகள். வெளிச்சம் மிஞ்சினால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள். மஞ்சள் எரிந்தால் வேகம் 1/30க்குக் கீழே போய்விட்டது, தூணிலோ மதிலிலோ சாய்ந்துகொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

அதற்கு 5.6 வோல்ட் பாதரசப் பற்றரி ஒன்று வேண்டியிருந்தது. ஊரில் பிரச்சினை கூடிய காலத்தில் அது திருகோணமலையில் கிடைக்காது. கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு, பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பற்றரி இல்லாவிட்டால் அந்தக் கமரா ஒரேயொரு வேகத்தில் அடிக்கும்: 1/500. நான் மாதக்கணக்கில் அந்த ஒரே வேகத்தில் படம் எடுத்தேன். கணக்கு சுகம். நல்ல வெயிலில் 100 வேகப் பிலிமுக்கு எஃப்/16இல் 1/125. ஷட்டர் 1/500இல் நிற்கிறது என்றால் வெளிச்சம் இரண்டு படி (ஒரு படி என்றால் பாதி) குறைகிறது, அப்பேச்சரை இரண்டு படி திறந்துவிட்டால் சரி. ஆகவே எஃப்/8. மணலில் வெயில் தெறிக்கிற மத்தியானம் எஃப்/11. மெல்லிய மேகம் என்றால் எஃப்/5.6, வானம் நன்றாக மூடினால் எஃப்/4. விளக்கு வைக்கும் நேரம் கமராவுக்கு வேலை இல்லை.

கரைவலை படங்கள் அப்படி எடுத்தவைதான். கயிற்றை இடுப்புக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, குதியை மணலில் புதைத்து, முதுகைச் சரித்து, வலை இழுக்கும் அம்பாப் பாட்டுப் பாடிப் பின்னுக்கு நடப்பார்கள். கயிறு ஒவ்வொரு இழுவையிலும் விறைக்கும்போது அதில் ஊறிய தண்ணீர் பொடியாகச் சிதறும். 1/500இல் அந்தத் துளிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். கமரா எனக்கு விட்டுவைத்த ஒரே வேகம் அந்த வேலைக்கே அளவெடுத்ததாக அமைந்தது. இன்றைக்கும் வெளியே இறங்கியவுடன் நிலத்தில் விழும் நிழலைப் பார்த்து எஃப் எண்ணைச் சொல்லிவிடுவேன். வெளிச்சம் அளக்கும் மீட்டர் பிறகுதான்.

உங்கள் அப்பாவின் எஃப்எம்2ஐ நான் ஏன் பெரிதாக நினைக்கிறேன் என்பது இப்போது விளங்கும். தொண்ணூறுகளில் கொழும்பில் பாவித்த ஒன்றாகத் தேடி வாங்கினேன். 1982இல் வந்த கமரா அது. ஒரு செக்கனில் இருந்து 1/4000 வரை எல்லா வேகமும் பற்சக்கரத்திலும் சுருள்வில்லிலும் ஓடுகின்றன. பொத்தான் போன்ற இரண்டு சின்னப் பற்றரிகள் மீட்டருக்கு மட்டும். அவை செத்தாலும் கமரா சாகாது. மின்சாரமும் பற்றரியும் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். உங்கள் அப்பாவும் அந்தக் காரணத்துக்காகவே வாங்கியிருக்கக் கூடும்.

இனி 105. உங்கள் கையில் இருக்கிற மூன்றிலும் நான் விட்டுக்கொடுக்காத லென்ஸ் அதுதான். 1985 ஜூன் நேஷனல் ஜியோகிராபிக் அட்டையில் பச்சைக் கண்ணோடு வந்த ஆப்கான் பெண்பிள்ளையின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டீவ் மக்கறி அதை எடுத்தது எஃப்எம்2இலும் இதே 105 எஃப்/2.5 லென்ஸிலும்தான். அந்தப் பெயருக்காக நான் சொல்லவில்லை. தேரன்று வடம் பிடிக்கிற சனத்துக்குள் நிற்கும்போது 50ஆல் முகம் சின்னதாகிவிடும், 200க்குள் ஆட்கள் அடங்கமாட்டார்கள். 105இல் வடத்தைப் பிடித்த கையும் வியர்த்த முகமும் ஒன்றாக வரும், பின்னால் இருக்கிற சனம் மெதுவாகக் கரைந்துபோகும். வளையத்தை இடது கையின் இரண்டு விரல்களால் உருட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள 105 எண்ணெயில் போவது மாதிரிப் போய் நீங்கள் விட்ட இடத்தில் நிற்கும். கண் இமை தெளிவாகிற இடத்தில் விரலை நிறுத்தி மூச்சைப் பிடித்து அடித்தால் போதும்.

இந்த லென்ஸ்கள் உங்கள் டி5600இல் அப்படியே மாட்டும். நிக்கோன் 1959இல் எஃப் கமராவோடு கொண்டுவந்த அதே வாய், அதாவது லென்ஸ் மாட்டும் இடம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, டி5600 இந்த லென்ஸ்களுக்கு மீட்டர் காட்டாது, எல்லாவற்றையும் நாமே வைக்கிற எம் நிலையில் மட்டும் வேலை செய்யும். நிழலைப் பார்த்து வைத்து, ஒரு படம் அடித்து, திரையில் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவு காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்துங்கள். கொஞ்ச நாளில் கை பழகிவிடும். மற்றது, போக்கஸ் நாம் செய்ய வேண்டும், ஆனால் சரியான இடம் வந்ததும் வியூபைண்டரின் கீழ்ப்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி நின்று எரியும். சென்சர் சின்னது என்பதால் படம் இன்னும் நெருங்கித் தெரியும்: 50 கிட்டத்தட்ட 75 ஆகும், 105 கிட்டத்தட்ட 157 ஆகும், 200 அப்படியே 300.

எனக்கு டிஜிட்டல் டி90இல் தொடங்கி டி7100க்கு வந்தது. டி7100ஐத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், அது பழைய லென்ஸுக்கும் மீட்டர் காட்டும். நான் கமரா மாற்றிய ஒவ்வொரு தடவையும் லென்ஸ்கள் கூடவே வந்தன. நாளைக்கு நீங்கள் நிக்கோன் மிரர்லெஸ் வாங்கினாலும் எஃப்டிஇசட் என்ற இணைப்பைப் போட்டால் இவை வேலை செய்யும், மீட்டரும் வரும், திரையில் பெருப்பித்துப் பார்த்துப் போக்கஸும் செய்யலாம். இசட்5 மாதிரி உள்ளேயே அதிர்வைத் தாங்குகிற கமரா என்றால் அப்பாவின் லென்ஸ் அந்த வசதியையும் பெறும். அதனால் மிரர்லெஸுக்காக இவற்றை விற்பது தலைகீழான வேலை.

பூஞ்சணம் பற்றிக் கொட்டியாரம் தம்பி சொல்வார், அவர் கை வைத்துச் செய்கிறவர். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்தத் தோல் உறைகளை இன்றைக்கே வீட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், பூஞ்சணத்துக்குத் தின்னவும் கொடுக்கும். இந்த ஊரில் லென்ஸைக் கொன்றது பெரும்பாலும் மழையோ கடலோ இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறையில் போட்டு, துணி சுற்றி, அலுமாரியில் பூட்டிய அன்புதான் கொன்றது. என்னிடம் உள்ளதில் அதிகம் வெயில் கண்டது, அதிகம் கை பட்டது, கரைக்குப் போய்வந்தது அந்த 105. அதன் கண்ணாடிதான் எல்லாவற்றிலும் சுத்தம்.

கொட்டியாரம் எழுதியது:

ரீச்சர் என் பெயரைச் சொல்லிவிட்டார். மூதூரில் மணிக்கூடு, ரேடியோ திருத்துகிறவன் நான், லென்ஸும் கழற்றுவேன். பாலங்கள் வருவதற்கு முன்னம் லோஞ்சில் திருகோணமலைக்குப் போய்வந்த ஆட்கள் கமராவைத் துவாயில் சுற்றிக் கொண்டுவருவார்கள். உப்புத் தண்ணீர் பட்டுத் திருகாணி இறுகியவற்றைக் கழற்றித்தான் இந்த வேலையைப் பழகினேன்.

அலஸ்தோட்டம் தம்பி, முதலில் வடிவாகச் சோதியுங்கள். லென்ஸைக் கமராவில் இருந்து கழற்றி, அப்பேச்சர் வளையத்தை முழுதாகத் திறந்து, போன் ரோச்சைப் பின்பக்கத்தில் கொஞ்சம் சரித்துப் பிடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். நேரே பிடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி, அதை விட்டுவிடலாம், படத்தில் தெரியாது. புகை படிந்த மாதிரி முழுக்க மங்கலாக இருந்தால் உள்ளே இருந்த எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. நூலாகக் கிளைவிட்டு ஓடினால் பூஞ்சணம். நூல் ஓரத்தில் மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கழற்றித் துடைத்தால் போகும். நடுவில், அதுவும் நெடுங்காலமாக இருந்திருந்தால், கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருக்கும். துடைத்த பிறகும் அந்தக் கோடு நிற்கும். அப்படி நின்றாலும் லேசானது என்றால் எதிர்வெயிலில் மட்டும்தான் படம் கொஞ்சம் வெளிறும்.

புறாத்தீவு சொன்ன தொற்று பற்றி. பூஞ்சண வித்து காற்றில் எங்கேயும் இருக்கிறது, உங்கள் புது லென்ஸிலும் இருக்கும். அது முளைக்கிறதா என்பது ஈரத்தைப் பொறுத்தது. ஆனாலும் துடைக்கும் வரைக்கும் அந்த 105ஐத் தனியாக வைப்பது நல்லது.

வெயிலில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வெயில் பூஞ்சணத்தை வளரவிடாது, ஆனால் வளர்ந்த நூலை எடுக்காது. வைப்பதென்றால் கமராவில் இருந்து கழற்றி, பக்கத்தில் துணி, கடதாசி ஒன்றும் இல்லாமல் வையுங்கள். லென்ஸ் வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டும்.

வீட்டில் கழற்ற வேண்டாம். யப்பான் லென்ஸின் திருகாணித் தலை நம் கடையில் விற்கும் சாதாரண ஸ்ரார் திருப்பிக்குச் சரியாகப் பொருந்தாது, அதற்கென்று யப்பான் அளவுத் திருப்பி இருக்கிறது. மற்றதைப் போட்டால் தலை உரிந்துவிடும், பிறகு அந்த லென்ஸை யாரிடம் கொடுத்தும் சரிவராது. நான் ஐதரசன் பேரொட்சைட்டும் அமோனியாவும் கலந்து துடைக்கிறேன். வாசமும் கடுமை, கையுறையும் காற்றோட்டமும் வேண்டும்.

எஃப்எம்2ஐ இப்படிப் பாருங்கள். பின்கதவைத் திறங்கள். ஓரத்துப் பள்ளத்தில் கறுப்பு நுரைப் பட்டை இருக்கும். விரலில் தார் மாதிரி ஒட்டினால் அது உக்கிவிட்டது, மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிலிமில் சிவப்புக் கோடு விழும். லென்ஸுக்குப் பின்னால் சரிந்து நிற்கிற முகம்பார்க்கும் கண்ணாடிக்கு மேலே முன்பக்கத்திலும் அதே நுரை உண்டு. பிறகு வேகத்தை 1 செக்கனில் வைத்து அடித்துக் காதால் கேளுங்கள். இழுபடாமல், நடுவில் நிற்காமல் ஓட வேண்டும். பிறகு 1/60, 1/250 என்று கூட்டிக்கொண்டு போய் கதவு பக்கத்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். ஷட்டர் தகட்டில் விரல் வைக்கவே கூடாது, ஊதவும் வேண்டாம். பற்றரி மூடியை நாணயத்தால் திறந்து பழைய பற்றரி கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலஸ்தோட்டம் எழுதியது:

ரீச்சர், கொட்டியாரம் அண்ணா, மிகவும் நன்றி. நேற்று இரவு அம்மாவையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

50 சுத்தம், கொஞ்சம் தூசி மட்டும். 200க்கும் கண்ணாடி சுத்தம், ஆனால் போக்கஸ் வளையம் இறுக்கம், பலமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. 105இல் நூல் இருப்பது பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில், ஒரு நகக்கண் அளவு. நடுவில் ஒன்றும் இல்லை. எஃப்எம்2இல் நுரைப் பட்டை விரலில் ஒட்டுகிறது. பற்றரி கசியவில்லை. புதிது இரண்டு போட்டவுடன் வியூபைண்டருக்குள் கூட்டல், பூச்சியம், கழித்தல் மூன்றும் சிவப்பாக எரிந்தன. ஒரு செக்கன் சத்தம் ஒரே சீராகக் கேட்கிறது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கலியாணவீடு ஒன்றும் விடாமல் அப்பா இதைக் கொண்டுதிரிந்த கதைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கொழும்புக்காரருக்கு விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது மூன்று கேள்விகள். வீட்டில் ஏசி இல்லை, விலைகூடிய உலர்பெட்டி வாங்கவும் இப்போது முடியாது. எதில் வைப்பது? திமிங்கிலத்துக்கு அந்த 200ஐக் கொண்டுபோகலாமா, என் 70-300ஆ? எஃப்எம்2க்கு எந்தப் பிலிம் போட்டுத் தொடங்குவது?

புறாத்தீவு எழுதியது:

லென்ஸ் கதையில் ரீச்சர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அந்த இணைப்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் திமிங்கிலத்துக்கு 200ஐக் கொண்டுவராதே மச்சான். நீலத் திமிங்கிலம் மேலே வந்தால் சில தடவை ஊதும், ஊதுகிற இடைவெளியில் முதுகு மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் முதுகை உயர்த்தி வளைக்கும்போதுதான் வால் வருமா வராதா என்று தெரியும். வந்தால் இரண்டு மூன்று செக்கன். அதற்குப் பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், எங்கே எழும்பும் என்றும் தெரியாது.

டச்சுக்குடா ரீச்சர் எழுதியது:

திமிங்கிலத்தில் புறாத்தீவு சொல்வதுதான் சரி. அவர் தினமும் பார்க்கிறவர். 70-300ஐயே கொண்டுபோங்கள், ஷட்டர் 1/1000க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவை (சென்சர் ஒளியை உணரும் அளவு) தானாக ஓடவிடுங்கள். வால் தூக்கும் நேரம் கையால் போக்கஸ் செய்ய நானே முயல மாட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் வேலை இருக்கிறது. மார்ச்சில் இருந்து ஓகஸ்ட் வரையான சீசனில் போங்கள், விடியற்காலைப் படகில். ஒளி சாய்வாக விழும், ஊதுகிற நீர் எதிர்வெளிச்சத்தில் வெள்ளையாக எழும்பும்.

ஒரு பெரிய பொலித்தீன் பையில் லென்ஸ் வாய்க்கு மட்டும் ஓட்டை போட்டு, இறப்பர் வளையத்தால் இறுக்கிக்கொள்ளுங்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு யூவி கண்ணாடி. படகில் லென்ஸ் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம். கரைக்கு வந்ததும், சூம் குழாயை நீட்டிச் சுருக்குவதற்கு முன்னால், நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் முழுவதையும் துடையுங்கள், பிறகு காய்ந்த துணியால். உலர்ந்த துணியால் முதலில் துடைத்தால் உப்புப் பரல் தேய்த்துக் கீறும். குழாயில் உப்பு இருக்கும்போது சுருக்கினால் அது உள்ளே போய்விடும், பிறகு கொட்டியாரம் தம்பிக்குத்தான் வேலை.

வைப்பதற்கு உலர்பெட்டி வேண்டியதில்லை. நான் இன்றைக்கும் பாவிப்பது இறப்பர் ஓரம் வைத்து இறுகப் பூட்டுகிற பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி, பெரிய அளவு. அடியில் சிலிக்கா ஜெல் துணிப்பையில், மூலையில் ஈரப்பதம் காட்டும் சின்ன மானி. மானி 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். 60க்கு மேலே பல நாள் நின்றால் பூஞ்சணத்துக்குச் சாதகம். 30க்குக் கீழேயும் போகவிடாதீர்கள், உள்ளே இருக்கிற எண்ணெயும் இறப்பரும் காய்ந்துவிடும். நம்முடைய மாரியில், ஐப்பசி முதல் தை வரைக்கும், ஜெல் சீக்கிரம் நிறைந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதைப் பார்க்கவே தேவையில்லாத மாதிரி இருக்கும்.

நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். பழைய தாச்சி ஒன்றில் மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டிருந்தால் திரும்ப நீலமாகும். அந்தத் தாச்சியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. நீல நிறத்துக்குப் போடுகிற கோபால்ட் உப்பு நஞ்சு. செம்மஞ்சள் நிறத்தில் கோபால்ட் இல்லாத ஜெல்லும் விற்கிறார்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை எடுங்கள். அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள். அரிசிமா வளையத்துக்குள் போய் அரைக்கும்.

அப்புறம், கொழும்பில் இருந்து ஏசி பஸ்ஸில் வந்து இறங்கும்போதும், ஏசி மண்டபத்தில் இருந்து வெளியே வரும்போதும், கமராவைப் பைக்குள் இறுக மூடி வைத்து, பையே வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் காற்று பட்டால் உடனே பனி பிடிக்கும், உள்கண்ணாடியிலும்தான். இங்கே நிறையப் பேருக்குப் பூஞ்சணம் தொடங்குகிற இடம் அதுதான்.

பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு மறந்துவிட்டால் இவ்வளவும் வீண். கிழமையில் ஒரு தரமாவது மூன்று லென்ஸையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு வளையத்தையும் முனையில் இருந்து முனை வரை திருப்புங்கள். எஃப்எம்2இன் ஷட்டரை எல்லா வேகத்திலும் ஒருமுறை ஓடவிடுங்கள். ஓடாத எண்ணெய் உறைந்துவிடும். அந்த 200 இறுகியது அதனால்தான். அதையும் 105ஐயும் ஒன்றாகவே மூதூருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஓரத்து நூல் என்றால் இப்போதே எடுப்பது நல்லது, நடுவுக்கு வர விடக் கூடாது.

பிலிமுக்குக் கொடக் கோல்ட் 200 மாதிரி ஒன்றைப் போட்டுத் தொடங்குங்கள், கொழும்பில் எடுக்கலாம், கழுவவும் அங்கேதான் அனுப்ப வேண்டும். முதல் றோலைத் தேருக்கு எடுக்க வேண்டாம். நுரைப் பட்டை மாற்றியதும், டச்சுக்குடாக் கரையில் விடியற்காலையும், பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் மரநிழலில் மான்கள் நிற்கிற இடத்தில் பத்து மணிக்கும் எடுங்கள். கரையில் வெளிச்சம் நேரே கடலில் இருந்து வரும், கோட்டைக்குள் வெயிலும் நிழலும் பாதி பாதி. இரண்டிலும் மீட்டரைப் பார்க்க முன்னம் நீங்களே ஒரு எண்ணைச் சொல்லி, அதைக் கொப்பியில் எழுதிவிட்டு, பிறகு மீட்டர் சொல்வதையும் பக்கத்தில் எழுதுங்கள். றோல் கழுவி வந்ததும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஷட்டர் எந்த வேகத்தில் பிசகுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கொட்டியாரம் எழுதியது:

105உம் 200உம் சனிக்கிழமை கொண்டுவாருங்கள் தம்பி, எஃப்எம்2ஐயும் சேர்த்து. நுரைப் பட்டை என்னிடம் இருக்கிறது, ஒட்டின பசையைக் கரைத்து எடுத்துவிட்டுப் புதிது வைக்க அரை நாள் போதும். லென்ஸ் இரண்டுக்கும் ஒரு கிழமை விடுங்கள். வரும்போது தோல் உறையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், பருத்தித் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வையுங்கள்.